ஸ்காட் ஸ்டீவன்ஸின் ஆட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பவரைக் கவனிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டு போகும் இடமெல்லாம் கண்ணும் தானாகவே போய்விடும். தடுப்பாட்டக்காரரைக் கவனிக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் வரலாற்றின் மிகக் கடுமையான தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான ஸ்காட் ஸ்டீவன்ஸை இன்று பலரும் அறிவது இணையத்தில் உலவும் மோதல் காட்சிகளின் தொகுப்புகள் வழியாகத்தான். பத்து நொடிக் காட்சிகளாக நறுக்கப்பட்ட அந்தத் தொகுப்புகளிலிருந்து தொடங்குபவருக்கு அவருடைய ஆட்டம் கடைசிவரை பிடிபடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே அவற்றை இறுதியில் பார்க்கும்படி ஒரு வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதலில் களத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தை நடுவில் ஒரு சிவப்புக்கோடும், இரு புறமும் ஒவ்வொரு நீலக்கோடும் பிரிக்கின்றன. ஓர் அணியில் கோல்காப்பாளர் போக ஐந்து பேர் ஆடுவர். அவர்களில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் போலக் களத்தில் நின்றுவிட்டு அடுத்த இணைக்கு வழிவிடுவார்கள். இதற்குமேல் விதிகளை இப்போதே படிக்க வேண்டியதில்லை.

அடுத்து, 1995, 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் ஸ்டீவன்ஸின் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி என்ஹெச்எல் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்ற தொடர்களிலிருந்து ஏதேனும் ஒரு முழு ஆட்டத்தைத் தேடி எடுங்கள். அதில் ஸ்டீவன்ஸின் 4 ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். வட்டு எங்கே போனாலும் பார்வையை அவரிடமிருந்து நகர்த்தாதீர்கள். எதிரணி முன்னாட்டக்காரர் வேகமெடுத்து வரும்போது ஸ்டீவன்ஸ் பின்னோக்கிச் சறுக்கியபடியே இருவருக்குமான இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவார். அந்த இடைவெளிதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. அது மிகுந்துவிட்டால் எதிராளி நீலக்கோட்டைத் தாண்டி நிதானமாக வட்டை அடிப்பார். மிகக் குறைந்துவிட்டால் பக்கவாட்டில் விலகிக் கடந்துபோய்விடுவார். தடுப்பவர் எப்போதும் கோலுக்கும் எதிராளிக்கும் நடுவிலேயே நின்று, அவரைச் சுவரோரமாக ஒதுக்க முயல்வார். வட்டும் மட்டையும் ஏமாற்றக்கூடும், உடல் போகும் திசை ஏமாற்றாது என்பதால், பார்வை எதிராளியின் மார்பின்மேல் இருக்க வேண்டும் என்றே தடுப்பாட்டக்காரர்களுக்குச் சிறு வயதிலிருந்து கற்பிக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பின்வாங்கிக்கொண்டே வருபவர் திடீரென முன்னேறி நடுக்களத்திலேயே ஒருவரை மோதி வீழ்த்தும் துணிவு எங்கிருந்து வந்தது? குறி தவறினால் அவருக்குப் பின்னால் கோல்வரை திறந்த வெளியாயிற்றே. 1993 இல் பயிற்சியாளராக வந்த ஜாக் லெமேர், நடுக்களத்தில் ஆட்களை அடுக்கி எதிரணியின் பாதையை அடைக்கும் உத்தியை டெவில்ஸ் அணிக்குப் பழக்கினார். முன்னால் நிற்பவர் வட்டு வைத்திருப்பவரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவார். மற்றவர்கள் அந்தப் பக்கத்தில் காத்திருப்பார்கள். அக்காலத்தில் தன் பகுதியிலிருந்து நடுச் சிவப்புக்கோட்டைத் தாண்டி நேரடியாக வட்டை அனுப்புவதும் விதிப்படி செல்லாது. அந்தத் தடை 2005 இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே தன் தலைக்குப் பின்னால் ஒரு நீண்ட பாஸ் போய்விடும் என்ற அச்சம் குறைவாக இருந்ததால், ஸ்டீவன்ஸ் மேலே ஏறி நிற்க முடிந்தது. அவர் முன்னேறினால் அந்த இடத்தை இணையாட்டக்காரர் மூடுவார். எல்லோரையும் தாண்டி வந்தாலும் மார்ட்டின் புரோடர் கோலில் நிற்பார். தனிமனிதரின் வீரமாகத் தெரிகிற மோதலுக்குப் பின்னால் ஐந்து பேரின் ஒழுங்கும் ஒரு விதியும் இருந்தன. ஆட்டத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது இணையாட்டக்காரரின் நகர்வை மட்டும் கவனித்தால் இது தெளிவாகும்.

இதன் பிறகே புள்ளிவிவரங்களுக்கு வாருங்கள். விதிமீறலுக்காகக் களத்துக்கு வெளியே தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டிய பெனால்டி நிமிடங்களைக் கொண்டு ஒரு தடுப்பாட்டக்காரரின் கடுமையை அளப்பது பொதுவான வழக்கம், ஆனால் அது தவறான அளவுகோல். 1982 இல் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஐந்தாவது வீரராக வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டீவன்ஸ், இளமையில் எளிதில் சண்டைக்குப் போகிறவர். 1986-87 பருவத்தில் மட்டும் 283 நிமிடங்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அதே மனிதர் மூன்றாம் கோப்பையை வென்ற 2002-03 பருவத்தில் பெற்றது வெறும் 41 நிமிடங்கள். எதிரணிகள் அவரைக் கண்டு அதிகம் அஞ்சியது இந்தப் பிற்காலத்தில்தான். தண்டனைப் பெட்டியில் இருப்பவரால் யாரையும் தடுக்க முடியாது என்பதை அவர் கற்றுக்கொண்ட விதத்தில்தான் அந்தத் தொழில்வாழ்வின் முதிர்ச்சி தெரிகிறது. மாண்ட்ரியால் அணியின் பழைய தடுப்பாட்டப் பெருமகனான லாரி ராபின்சன் நியூ ஜெர்சியில் துணைப் பயிற்சியாளராக அருகிலிருந்ததும் இக்காலத்தில்தான்.

பிளஸ்-மைனஸ் என்ற கணக்கையும் பாருங்கள். ஒருவர் களத்தில் இருக்கும்போது, எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருப்பதால் ஆள் மிகுதியில் கிடைக்கும் கோல்களை நீக்கிவிட்டு, அவருடைய அணி அடித்தவற்றிலிருந்து வாங்கியவற்றைக் கழிப்பதே அது. 22 பருவங்களில் ஒன்றில்கூட ஸ்டீவன்ஸின் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. 1,635 ஆட்டங்களில் 196 கோல்கள், சக வீரர் கோல் அடிக்க வட்டை அனுப்பிய 712 உதவிகள் என்ற எண்ணிக்கையும் அவரை வெறும் முரட்டு ஆளாக எண்ணுவோருக்குப் பதிலாகும். இத்தனைக்கும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது அவருக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. 2000 இல், கோப்பைக்கான இறுதிக்கட்ட நாக்-அவுட் சுற்றுகளான பிளேஆஃப் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோன் ஸ்மைத் விருது கிடைத்தது.

இப்போது மோதல் காட்சிகளுக்கு வரலாம். 2000 மே 26 அன்று கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில், பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ரோஸ் தலையைக் குனிந்து வட்டைப் பார்த்தபடி நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டினார். எதிரே வந்த ஸ்டீவன்ஸின் தோள் அவருடைய தலையில் பட்டது. காட்சியை மோதலிலிருந்து பார்க்காமல், அதற்கு நான்கைந்து நொடிகள் முன்பிருந்து ஓட்டுங்கள். ஸ்டீவன்ஸ் ஓடிப்போய்த் தாக்கவில்லை என்பதும், எதிராளி வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்தார் என்பதும் தெரியும். நடுவர்கள் தண்டனை எதுவும் தரவில்லை. ஆனால் ஏற்கெனவே மூளை அதிர்ச்சிகளால் அவதிப்பட்டு அப்போதுதான் திரும்பியிருந்த லிண்ட்ரோஸ், அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. பிலடெல்பியாவுக்காக அதன் பிறகு ஆடவே இல்லை. 2003 இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில் அனாஹைமின் பால் கரியாவை வீழ்த்திய மோதலை இதே முறையில் பாருங்கள்: அங்கே கரியா வட்டை அனுப்பிவிட்ட பிறகே மோதல் நிகழ்கிறது. அவர் எழுந்து, அதே ஆட்டத்தில் திரும்பி வந்து கோலும் அடித்தார் என்பது உண்மைதான். ஆனாலும் முன்னதைவிட இதை ஏற்றுக்கொள்வது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

2010-11 பருவத்தில் நடைமுறைக்கு வந்து, அடுத்த ஆண்டே விரிவாக்கப்பட்ட 48 ஆம் விதியின்படி, தவிர்க்கக்கூடிய நிலையில் தலையை முதன்மையாகத் தாக்கும் மோதல் குற்றமாகும். இந்த விதியை அருகில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சிகளை மறுபடி பார்த்து, எது இன்று நிற்கும், எது நிற்காது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். அக்கால விதிக்குள் ஆடியவரை இக்கால விதியால் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. அதற்காக அந்த அடிகளின் விலையை மறைப்பதும் சரியில்லை.

அந்த விலையில் ஒரு பங்கை ஸ்டீவன்ஸும் கொடுத்தார். 2004 ஜனவரிக்குப் பிறகு, மூளை அதிர்ச்சியின் பின்விளைவுகளால் அவர் களமிறங்கவில்லை. 2005 இல் ஓய்வை அறிவித்தார். 2006 பிப்ரவரியில் டெவில்ஸ் அணி அவருடைய 4 ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. அந்த எண்ணை நீங்கள் தேடிப் பின்தொடர வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை.