மாரி மழையைப் பிடித்துப் புரட்டாதி வரை குடிக்கலாம்: திருகோணமலை வீட்டுக்கு ஒரு செய்முறை

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மார்கழியில் வளவெல்லாம் வெள்ளம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் கிணற்றுத் தண்ணீர் சவராகிவிடும், தண்ணீர் பவுசரைப் பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கும். நமக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுவதுதான் சிக்கல்.

முதலில் கணக்கு

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் மட்டும் 500 சதுர அடி என்று வைப்போம். அது ஏறக்குறைய 46 சதுர மீற்றர். (சரிவை அளக்க வேண்டாம், கூரை மூடும் நிலத்தை அளந்தால் போதும்.) சிந்துவது, ஆவியாவது போக 80 வீதம் கைக்கு வரும் என்று கொண்டால், ஒரு மில்லிமீற்றருக்கு 37 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி நிறைய 135 மில்லிமீற்றர் மழை போதும். கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கினால் ஒரு கிழமைக்குள்ளேயே நிறைந்துவிடும்.

ஆகவே மழை போதுமா என்பதல்ல கேள்வி, பிடித்த தண்ணீரை எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள் என்பதுதான். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லீற்றர் என்றால் 5,000 லீற்றர் 250 நாளைக்கு வரும். தைப்பொங்கலன்று நிறைந்து நிற்கும் தாங்கி புரட்டாதி பிறக்கும் வரை தாங்கும். அதே தண்ணீரில் நாலு பேர் குளித்துத் துவைத்து 400 லீற்றர் செலவழித்தால் பதின்மூன்றாம் நாள் தாங்கி காலி. குளிக்கக் கிணறு இருக்கிறது. மழைத்தண்ணீர் குசினிக்கு மட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மென்மையான தண்ணீர் என்பதால் பருப்பும் சீக்கிரம் அவியும்.

கூரையும் பீலியும்

ஓடு, சிங்க் தகரம் இரண்டும் நல்லது. அஸ்பெஸ்டஸ் சீற் கூரை என்றால், குடிக்கப் பிடிக்காமல் மற்றப் பாவனைக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை; அதைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். எந்தக் கூரையானாலும் மேலே தொங்கும் வேப்பங்கிளையை வெட்டிவிடுங்கள். இலை விழுவதைவிட அதில் வந்து குந்தும் காகங்கள்தான் தொல்லை.

கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீவீசி பீலியைத் தாங்கி இருக்கும் பக்கம் சரித்துப் பூட்ட வேண்டும், 10 அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் போதும். இரண்டடிக்கு ஒரு கொளுக்கி போடுங்கள். மார்கழிக் காற்றுக்கு அதற்குக் குறைந்தால் நிற்காது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்துப் போகும், துருப்பிடிக்காத ஸ்குரூ வாங்குங்கள். பூட்டியதும் ஒரு வாளி தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அந்த இடத்துக் கொளுக்கியை உயர்த்துங்கள்.

முதல் தண்ணீரைக் கழிப்பது

பலர் தவிர்த்துவிடும் வேலை இது. இது இல்லாமல் பிடிக்கும் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன். கச்சான் கொண்டுவந்த புழுதி, பறவை எச்சம், கடல் உப்பு எல்லாம் முதல் சில நிமிட மழையில்தான் கழுவுண்டு வரும். சதுர மீற்றருக்கு அரை லீற்றராவது கழிய வேண்டும்; நம் கணக்கில் 23 லீற்றர்.

பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் பைப்பில், தாங்கிக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போடுங்கள். டீயின் கீழ்வாயில் 6 அங்குலப் பைப்பை 5 அடி நீளத்துக்கு நிமிர்த்திப் பொருத்துங்கள், 26 லீற்றர் கொள்ளும். (4 அங்குலப் பைப் என்றால் 10 அடி வேண்டும், அவ்வளவு உயரம் பல வீட்டில் கிடைக்காது.) அழுக்குத் தண்ணீர் முதலில் இதில் இறங்கும், இது நிறைந்த பிறகு வருவதுதான் தாங்கிக்குப் போகும். அடியில் திருகு மூடி பூட்டி, அதில் 2 மில்லிமீற்றர் துளை போட்டால் மழை விட்டதும் தானாக வடிந்துவிடும். துளை அடைபடும், கிழமைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

ஐப்பசியின் முதல் மழையை மட்டும் முழுவதுமாக வெளியே விடுங்கள்.

தாங்கி

கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி வாங்கிய அன்றே வைக்கலாம். பெரிதாக வேண்டுமென்றால், வேலை தெரிந்த மேசனைக் கொண்டு கோழிக்கூட்டு வலையும் சீமெந்தும் வைத்துக் கட்டுவது மலிவு. எதுவானாலும் வெளிச்சம் உள்ளே போகக் கூடாது, போனால் பாசி பிடிக்கும். 5,000 லீற்றர் என்பது ஐந்து தொன் பாரம். நம் மணல் நிலத்தை நன்றாக இடித்து இறுக்கி, மேலே கொங்கிறீற் தட்டுப் போட்டுத்தான் வைக்க வேண்டும். குடம் வைக்கும் அளவுக்கு மேடையை உயர்த்துங்கள். தண்ணீர் பிடிக்கும் பைப்பைத் தாங்கியின் அடியிலிருந்து இரண்டங்குலம் மேலே பொருத்தினால் அடிமண்டி குடத்துக்கு வராது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாழ்ந்த காணிகளில் நிலத்துக்குள் தாங்கி கட்ட வேண்டாம், வெள்ளம் வந்தால் அழுக்கு உள்ளே இறங்கும்.

தண்ணீர் வரும் வாய், வழிந்தோடும் வாய் இரண்டிலும் நுளம்பு நுழையாத நெருக்கமான வலை கட்டாயம். மாரிதான் டெங்குக் காலமும். வழியும் தண்ணீரைக் கிணற்றருகே கல்லும் மணலும் நிரப்பிய குழிக்கு விடுங்கள். நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள்.

பாவனையும் கழுவலும்

புதுச் சீமெந்துத் தாங்கியின் முதல் நிரப்புத் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், மரங்களுக்கு ஊற்றிவிடுங்கள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். பறவை எச்சத்திலுள்ள கிருமி கண்ணுக்குத் தெரியாது. சீமெந்துத் தாங்கியை வெயில் காலத்தில் முழுக்க வற்றவிடாதீர்கள், வெடிப்பு விழும். அடியில் ஓரடித் தண்ணீராவது நிற்கட்டும்.

புரட்டாதியில், மழைக்கு முன், பீலியைத் துடைத்து, கிழிந்த வலையை மாற்றி, தாங்கியைக் கழுவுங்கள். உள்ளே ஆள் இறங்குவதானால் மூடியை நெடுநேரம் திறந்து காற்றோட விட்ட பிறகே இறங்க வேண்டும். வெளியே இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் அல்ல, தாங்கியின் வாயருகிலேயே நிற்க வேண்டும்.