குரங்கு சிரிக்கவில்லை: விலங்குப் படத்துக்குப் பகிடி எழுதுவோர் விடும் தவறுகள்

கொழும்பில் புதிதாக விலங்குப் படம் எடுத்துப் பகிடிக் குரல் கொடுக்க இறங்குகிறவர்களின் முதல் வெட்டை (தொகுத்த முதல் வடிவத்தை) பார்த்தால் அதே பிழைகள்தான் திரும்பவும் வருகின்றன. கமெரா ஆடுவதும் காற்று இரைவதும் பழகப் பழகத் திருந்திவிடும். கீழே சொல்லும் பிழைகள் அப்படித் திருந்துவதில்லை.

பல் தெரிந்தால் சிரிப்பு

பொலன்னறுவையில் பிடித்த செங்குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுகிறது. உடனே "மாப்பிள்ளைக்குச் சந்தோசத்தைப் பாருங்க" என்று ஒரு வரி, பின்னால் மேளம். அது பயந்து பணிகிற முகம். காட்சியைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினால், ஓரத்தில் அதைவிடப் பெரிய குரங்கொன்று நிற்கும். இல்லையென்றால் கமெராக்காரரே கிட்டப் போயிருப்பார். விளையாட்டு முகம் வேறு: வாய் தளர்வாகத் திறந்திருக்கும், மேற்பல் பெரும்பாலும் உதட்டுக்குள் மறைந்திருக்கும், உடம்பில் இறுக்கம் இராது. ஆண் குரங்கு கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் அதுவும் நித்திரை என்றில்லை, பல நேரம் மிரட்டல்.

நம் தேவாங்குக்குத் தென்கிழக்காசியாவில் ஓர் உறவு உண்டு. கிச்சுக்கிச்சு மூட்டினால் அது கையைத் தூக்கும் காட்சியை உலகமே ரசித்தது. முழங்கைக்குக் கிட்டவுள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டவைக்கத்தான் அது கையைத் தூக்குகிறது.

இந்தப் பிழை பெரும்பாலும் கடைசியில்தான் பிடிபடும். அப்போது குரல், இசை, துணைத்தலைப்பு, வெட்டு நான்கையும் திரும்பச் செய்யவேண்டும். பிடிபடாமல் வெளியே போனால் அதைவிட மோசம். படம் பார்த்த பிள்ளை அடுத்த சுற்றுலாவில் பல்லைக் காட்டும் குரங்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

ஆகவே வரி எழுதுமுன் ஒலியை நிறுத்திவிட்டு, காட்சிக்கு முன்னும் பின்னும் 10 விநாடி பாருங்கள். விலங்கு என்ன செய்கிறது என்று ஒரே வரியில் குறியுங்கள். குறிக்க முடியாவிட்டால் அந்தக் காட்சிக்குப் பகிடி கிடையாது. படம் பிடிப்பவரிடமும் சொல்லிவையுங்கள்: முன்னும் பின்னும் வெட்டி அனுப்பக் கூடாது.

உண்மை தெரிந்தால் பகிடி தானாக வரும். தியவன்னா ஏரிக் கரையில் கபரகொய்யா (நீர் உடும்பு) நாக்கை நீட்டி நீட்டி நடக்கிறது. பிளந்த அந்த நாக்கால் அது மணம் பிடிக்கிறது. "இண்டைக்கு எந்த வீட்டில மீன் குழம்பு?" என்று எழுதினால் பிள்ளையும் சிரிக்கும், விலங்கியல் ஆசிரியரும் சிரிப்பார்.

ஓயாத பேச்சு

10 விநாடிக்கு 12 சொல் தாராளம். கிளை முறிந்து குரங்கு விழுகிற இடத்தில் வாயை மூடுங்கள். சின்னவர்கள் விழுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெரியவர்கள் அதற்குப் பிறகு வரும் வசனத்துக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வசனம் சிரிப்புச் சத்தத்தில் போய்விடும்.

ஊர்ப் பேச்சு

குரங்குக்கு மலையகப் பேச்சு, காகத்துக்கு முஸ்லிம் பேச்சு, ஆமைக்கு யாழ்ப்பாணப் பேச்சு. வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரே மாடிக் குடியிருப்பில் மூன்று வீட்டாரும் இருந்துதான் பார்க்கிறார்கள்.

நடிக்கவைத்தல்

பனிஸ் போட்டு வரவழைக்காதீர்கள். 1958 இல் வெளியான 'வைட் வில்டர்னெஸ்' படத்தில் லெமிங் எலிகள் கூட்டமாகக் கடலில் குதிப்பதாகக் காட்டினார்கள். அதைப் பிடித்த கனடாவின் அல்பேர்ட்டாவில் கடலே இல்லை. எலிகளைத் தள்ளித்தான் விழுத்தினார்கள்.

இரை சாகும் காட்சி

பகிடி இல்லை. குரலே வேண்டாம்.

'டொய்ங்' சத்தம்

ஒரு படத்துக்கு இரண்டு. மூன்றாவதை வெட்டுங்கள்.