இடி மழையில் கரண்ட் போய் வந்ததும் நெட் வராத கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமா நடத்தும் வாகன உதிரிபாகக் கடைக்கு, பழைய மினி பிசி ஒன்றில் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கடை நெட்டைக் காக்கும் ஃபயர்வாலாக வைத்திருந்தேன். இரண்டு வருடம் தொந்தரவே இல்லை. போன வாரம் இடி மழையில் கரண்ட் போய்த் திரும்பியதும் எந்தத் தளமும் திறக்கவில்லை. ஆனால் கூகுள் சர்வரின் எண் முகவரியான 8.8.8.8-க்கு பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்டால்) அழகாகப் பதில் வருகிறது.

ஃபயர்வால் ரூல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன், கேபிள் மாற்றினேன், இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு "லைன் ஓகே" என்று கேட்டுக்கொண்டேன், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே போட்டேன். மூன்று நாள் போனது. "தம்பி, பழைய ரவுட்டரையே மாட்டிடு" என்றார் மாமா.

நான்காம் நாள்தான் லாக்கில் தேதியைக் கவனித்தேன். 2015, ஜனவரி 1.

மதர்போர்டு பேட்டரி செத்திருக்கிறது. கரண்ட் போனால் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். தளப் பெயருக்கு வரும் பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குத் தொடக்கத் தேதி உண்டு, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அன்பவுண்டு 2015-இல் நிற்பதால் அதற்கு அவை இன்னும் செல்லுபடியாகாதவை, அதனால் பெயர் எதையும் தேடித் தராது. நெட்டிலிருந்து நேரத்தைத் திருத்த வேண்டிய என்டிபிக்கோ நேர சர்வரின் பெயருக்கு உரிய எண் முகவரி தெரிந்தாக வேண்டும். சரியான முட்டுச்சந்து!

கடிகாரக் கடையில் சிஆர் 2032 பேட்டரி வாங்கிப் போட்டு, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் தேதியைத் திருத்தினேன். அப்புறம் என்டிபி பட்டியலில் பெயரோடு ஒரு நேர சர்வரின் 162.159.200.1 என்ற எண் முகவரியையும் சேர்த்தேன். பிளக்கைப் பிடுங்கி இரண்டு தடவை சோதித்தாயிற்று, நெட் தானாகவே வந்தது.