ஒற்றை வரி வாக்குறுதியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தேர்தல் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை வரிகளாக வந்து கொட்டும். சித்தப்பா ஒன்று போடுவார், உடனே பத்துப் பேர் கைகூப்புவார்கள். வரி சின்னதாக இருப்பதில் தப்பில்லை, சுவரில் எழுத வேண்டுமே! எதை விட்டுவிட்டு அதைச் சின்னதாக்கினார்கள் என்பதுதான் கேள்வி.

பழகிப் பார்க்க நல்ல உதாரணம், 2016-இல் பிரிட்டனில் ஓடிய ஒரு சிவப்புப் பேருந்து. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று அங்கே பொது வாக்கெடுப்பு, வெளியேறச் சொன்ன குழு ஓட்டிய பேருந்து அது. 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம் பொது மருத்துவ சேவைக்குக் கொடுப்போமே' என்று அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். அது கழிவுக்கு முன்னாலா, பின்னாலா? அப்போதைய பிரதமர் தாட்சர் 1984-இல் பேசி வாங்கிய தள்ளுபடி, பணம் போவதற்கு முன்பே கழிக்கப்பட்டுவிடும். ஆக, உண்மையில் போனது வாரம் சுமார் 25 கோடிதான், அதிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதியாகவும் திரும்பி வந்தது. தள்ளுபடியில் வாங்கிய சட்டைக்கு அட்டையில் இருந்த விலையைச் சொல்வது போலத்தான் இது. நாட்டின் புள்ளியியல் ஆணையமே தவறாக வழிநடத்தும் எண் என்று சொல்லியும் பேருந்து நிற்கவில்லை.

அப்புறம் வினைச்சொல்லைப் பாருங்கள். 'கொடுப்போமே' என்றால் கொடுக்கப்போவது யார்? பிரச்சாரக் குழு அரசாங்கம் இல்லையே. முடிவு வந்த அன்று காலையிலேயே, வெளியேற வேண்டும் என்று முழங்கிய நைஜல் ஃபராஜ், அந்தப் பணத்துக்கு உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொன்னதே தவறு என்று டிவியில் சொல்லிவிட்டார். (அந்தப் பேருந்து அவருடைய குழுவினுடையது இல்லை, அது வேறு விஷயம்.)

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: வாக்களித்த மறுநாள் என்ன நடக்கும்? வாக்குச்சீட்டில் 'இருப்பது', 'வெளியேறுவது' என்று இரண்டே கட்டங்கள், அதில் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். ஆனால் எப்படி வெளியேறுவது, தங்களுக்குள் சுங்க வரி இல்லாத நாடுகளின் சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, பிரிட்டன் வசமுள்ள வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையை என்ன செய்வது என்பதெல்லாம் சீட்டில் கிடையாது. ஜனநாயகத்துக்கு அடி விழுந்தது இங்கேதான். ஜெயித்தவர்களுக்குள்ளேயே எதற்காக ஜெயித்தோம் என்று சண்டை, 2019 ஜனவரியில் அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு 202, எதிர்ப்பு 432. ஆளாளுக்கு 'மக்கள் தீர்ப்பு' என்றார்கள், அந்தத் தீர்ப்பின் வாசகம் மட்டும் எவரிடமும் இல்லை.

இதே சோதனையை உங்களுக்குப் பிடித்த கட்சிக்கும் போடுங்கள், கொஞ்சம் வலிக்கும். இருக்கச் சொன்ன தரப்பு 'குடும்பத்துக்கு 4,300 பவுண்டு நஷ்டம்' என்றது. 2030-இல் பொருளாதாரம் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்ற கணிப்பைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து வந்த எண் அது, யார் வீட்டுப் பர்ஸிலிருந்தும் போகும் தொகை அல்ல.

சின்ன வரியிலும் நிபந்தனை வைக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க., 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றும் சேர்த்தே சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள், நிதி இடிக்கவே மாநிலம் முழுக்க அது போகவில்லை. நிச்சயம் என்றதையும் முழுசாகச் செய்யவில்லை என்று நீங்கள் திட்டலாம், ஆனால் எதை வைத்துத் திட்டுவது என்பதாவது அந்த வரியிலேயே இருக்கிறது.

சரி, சித்தப்பாவிடம் என்ன சொல்வது? குழுவில் எல்லார் முன்னாலும் மடக்காதீர்கள், அவர் இன்னும் நான்கு ஃபார்வர்ட் சேர்த்து அனுப்புவார். தனியாக ஒரே ஒரு கேள்வி போதும்: "சித்தப்பா, இது கழிவு போகவா, முன்னாடியா?"