கனவைக் குறித்து வைப்பது எப்படி? கொடைக்கானல் குளிரில் ஒரு மண்டலப் பயிற்சி

பாம்பு வந்தால் பகை, பல் விழுந்தால் சாவு என்று பலன் பார்ப்பதை முதலில் ஓரங்கட்டுங்கள். பகலில் நாம் முகம் கொடுக்காத உணர்ச்சி இரவில் எந்த வேஷத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி. 48 நாள், விடாமல்.

நாளுக்கு இரண்டு பக்கம் என்றால் 96. ஆகவே 100 பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், விடியற்காலைக் குளிரில் பால்பாயின்ட் சிக்கிச் சிக்கி எழுதும். பனியில் நமுத்த தாளில் ஜெல் மை ஊறிவிடும். நோட்டை ஜன்னலோரம் வைக்காமல் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். மலையில் இது கஷ்டம்தான், ஆனாலும் வேண்டாம். மதுவும் கூடாது, அது கனவுத் தூக்கத்தையே அமுக்கிவிடும். மூடிய அறையில் கரிக்கணப்பு மூட்டித் தூங்கவே தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை வாங்கிவிடும். இன்னொரு கம்பளி போதும்.

ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். அதில் கனவு அதிகம் வரும் பகுதி விடியலை நெருங்க நெருங்க நீளும். பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுபவருக்குக் கடைசிச் சுற்றுதான் பொக்கிஷம். அலாரம் அலறினால் அது கலைந்து போகும்.

விழிப்பு வந்ததும் புரளாதீர்கள். கண்ணைத் திறக்காமல், படுத்த வாக்கிலேயே, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்: கை செல்போனுக்குப் போகும், கனவு போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இடது பக்கத்தில் எழுதுங்கள், நிகழ்காலத்தில், துண்டு துண்டாக: “வத்தலக்குண்டு பஸ் கிளம்புகிறது. செருப்பைக் காணோம். நெஞ்சு அடைக்கிறது.” விட்டுப்போன இடத்தைக் கற்பனையால் ஒட்டுப்போடாதீர்கள். ஒன்றுமே நினைவில்லையா, எழுந்தபோது மனம் எப்படி இருந்தது என்று ஒரு வரி.

வலது பக்கம் மாலைக்கு. பஸ்ஸுக்கு என்ன அர்த்தம் என்று தேட வேண்டாம். அதே நெஞ்சடைப்பு இன்று பகலில் எங்கே வந்தது என்று தேடுங்கள். தம்பி பேச்செடுத்தபோதா? தர வேண்டிய பணத்தை நினைத்தபோதா? கண்டதும் சின்னதாக ஒரு காரியம் செய்யுங்கள்: ஒரு போன், ஒரு மன்னிப்பு. இது இல்லாவிட்டால் நோட்டு வெறும் கதைப்புத்தகம்.

பிறகு பத்து நிமிடம் நிமிர்ந்து உட்காருங்கள். சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளில், அதாவது உயிரின் உணர்வு நிலைகளில், இரண்டாவது சொப்பனம் என்கிற கனவு நிலை. அதற்குரிய இடம் கண்டம், அதாவது கழுத்து. கழுத்துக் குழியில் கவனத்தை நிறுத்தி, கனவில் பஸ்ஸைத் துரத்தியவனையும் இப்போது அதை நினைப்பவனையும் ஒருங்கே பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று கேளுங்கள். வார்த்தையில் பதில் வந்தால் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். இந்தப் பயிற்சிக்கு உயிர் இந்தப் பத்து நிமிடம்தான்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தாலோ, பழைய அதிர்ச்சி கிளம்பினாலோ, நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

49ஆம் நாள் காலை, வெயில் வந்தபின் நோட்டை முதலிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று தடவைக்கு மேல் வந்த இடம், ஆள், உணர்ச்சி ஆகியவற்றை அடிக்கோடிடுங்கள். அடுத்த மண்டலத்தை அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.