காரைக்குடி வெயிலில் காரின் ஏசி: கசிவு இருந்த இடம்

கேஸ் நிரப்பினால் பத்து நாள் குளிரும். பிறகு கேஸை அழுத்தும் கம்ப்ரசரை இயக்கும் கிளட்ச் ஒட்டாது. கேஸ் குறைந்ததும் அழுத்த சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதே அதற்குக் காரணம். காரைக்குடியில் இரண்டு பட்டறைகளில் காட்டினேன். முதலில் குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) மாற்றினார்கள். அடுத்து, கூலிங் காயில் ஓட்டை, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கசிவைச் சோதிக்க நைட்ரஜன் ஏற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தபோதோ, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இம்மியும் இறங்கவில்லை.

கானாடுகாத்தான் சென்று திரும்பிய அன்று பானெட்டைத் திறந்தேன். எங்கும் உலர்ந்த செம்மண் தூசி படிந்திருக்க, மூடி தொலைந்துபோன லோ சைடு சர்வீஸ் போர்ட்டை (கேஸ் நிரப்பும் வாயை) சுற்றி மட்டும் அது, கேஸோடு கசியும் எண்ணெயில் குழைந்து கறுத்திருந்தது. போர்ட்டுக்குள் சோப்பு நீரை விட்டேன். விடாமல் குமிழிகள் எழுந்தன. கேஜை மாட்டும்போது அதன் ஊசி, போர்ட்டுக்குள் இருக்கும் வால்வு கோரை (கேஸை அடைத்து வைக்கும் சிறு அடைப்பானை) அழுத்தித் திறந்துவிடுவதாலும், கேஜ் குழாயின் முனையான கப்ளர் வெளியே அடைத்துக்கொள்வதாலும், சோதனை நடக்கும்போது இந்தக் கசிவு தென்படவே தென்படாது.

கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, ஏசிக்குரிய புதிய கோரும் (டயர் வால்வு கோரின் ரப்பர் இதற்கு ஆகாது), உள்ளே ரப்பர் வளையமுள்ள மூடியும் போடச் செய்தேன். 45 நிமிடம் வேக்கம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), பானெட் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு ஆர்134ஏ கேஸ் நிரப்பினார்கள். மூன்று மாதமாகக் குளிர் குறையவில்லை. டேஷ்போர்டு தப்பியது.