செராமிக்கை அமுக்கும்போது மின்முனைகள் எந்த நிலையில் இருந்தன?

ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் போன்ற ஃபெரோஎலெக்ட்ரிக் (மின்புலத்தால் திருப்பக்கூடிய நிலையான மின்முனைவாக்கம் உள்ள) செராமிக்குகளின் மீது மின்புலத்தையும் இயந்திரத் தகைவையும் சேர்த்துச் செலுத்தும் சோதனைகளில், புதியவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். குறி மாறுவதும் அலகு பிசகுவதும் விரைவில் வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மின்முனைகளின் நிலையைக் குறிக்காமை

இதனால் கெட்ட தரவு பார்வைக்கு மிக ஒழுங்காக இருக்கும் என்பதே என் எரிச்சலுக்குக் காரணம். மின்புலத்தால் ஒரு திசையில் முனைவாக்கப்பட்ட மாதிரியை அதே திசையில் அமுக்கும்போது, மின்முனைகள் குறுக்கிணைப்பில் (கம்பியால் ஒன்றோடொன்று இணைந்து) இருந்தால் மின்னூட்டம் வெளியேறும். டொமைன்கள் (ஒரே முனைவாக்கத் திசை கொண்ட நுண்பகுதிகள்) 90 பாகை திரும்பி முனைவாக்கம் குறையும். திறந்திருந்தாலோ, தேங்கும் மின்னூட்டம் முனைவாக்கிய புலத்தின் திசையிலேயே ஒரு புலத்தை எழுப்பி, அந்த டொமைன்களைத் திரும்பவிடாமல் தடுக்கும். நேர்கோட்டுக் கணக்கின்படி 50 மெகாபாஸ்கல் தகைவில் இப்புலம் மில்லிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் அளவை எட்டும். டொமைன்கள் எளிதில் திரும்பும் மென்வகைச் செராமிக்கில் முனைவாக்கத்தைப் புரட்டுவதற்கே ஏறத்தாழ அவ்வளவு போதும். மின்னியந்திர இணைப்புக் குணகம் (மின்னாற்றலும் இயந்திர ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறும் திறனின் அளவு) 0.7 ஆக உள்ள பொருள், திறந்த சுற்றில் கிட்டத்தட்ட இரு மடங்கு விறைப்பாகத் தெரியும்.

ஓர் ஆய்வு மாணவருக்குக் காலை வளைகோடும் மாலை வளைகோடும் பொருந்தவில்லை. அவர் மூலப்பொருளைச் சந்தேகித்து, புதிய தொகுதியை வரவழைத்து, எக்ஸ் கதிர்ச் சோதனை வரை சென்றுவிட்டார். நடந்தது இவ்வளவே: இடையில் பெருக்கியை எடுத்துச் சென்றவர் கம்பியைக் கழற்றிவிட்டு, மின்முனைகளைத் திறந்தபடியே விட்டிருந்தார்.

10 மெகாஓம் வோல்ட்மீட்டரை இணைத்துவிட்டுத் 'திறந்த சுற்று' என்று எழுதுவதும் தவறே. சிறிய மாதிரியின் மின்னூட்டம் அதன் வழியே சில மில்லிநொடிகளில் கசிந்துவிடும். மெதுவாக ஏற்றும் சோதனையில் அது குறுக்கிணைப்புக்குச் சமம். உண்மையாகவே திறந்திருக்கும் 10 மில்லிமீட்டர் மாதிரியிலோ பல கிலோவோல்ட் தேங்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பயன்படுத்திய மாதிரியைப் புதியதாகக் கொள்ளுதல்

முதல் ஏற்றத்தில் திரும்பிய டொமைன்களில் பல, சுமையை இறக்கிய பின்னும் பழைய நிலைக்கு வருவதில்லை. கியூரி வெப்பநிலைக்கு (ஃபெரோஎலெக்ட்ரிக் பண்பு மறையும் வெப்பநிலை) மேல் சூடாக்கி, மீண்டும் முனைவாக்கிய பின்னரே அடுத்த சோதனைக்கு எடுங்கள்.

காற்றில் உயர் மின்புலம்

காற்றில் மின்பொறி பாயலாம்; மாதிரியைச் சிலிகான் எண்ணெயில் மூழ்கவையுங்கள்.

குட்டையான மாதிரி

மாதிரியின் இரு முனைகளிலும் எழும் உராய்வு தகைவைச் சீரற்றதாக்கும்.

இறுகப் பிடித்துவிட்டு 'மாறாத் தகைவு' என்று எழுதுதல்

மின்புலம் மாறும்போது மாதிரி நீளும். விறைப்பான சட்டத்தில் 0.1 விழுக்காட்டுத் திரிபைத் தடுத்தாலே தகைவு பல பத்து மெகாபாஸ்கல் ஏறிவிடும். திரிபு–மின்புல வளைகோட்டின் வண்ணத்துப்பூச்சி வடிவக் கண்ணி தட்டையாவதைப் பார்த்துப் பொருளின் பண்பை விளக்கத் தொடங்குவதற்கு முன், இயந்திரம் விசைக் கட்டுப்பாட்டில் இருந்ததா, அக்கட்டுப்பாடு மின்புலத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்ததா என்று விசைப் பதிவைத் திறந்து பாருங்கள்.